துட்டி கேட்க யாரும் வராத துக்கம்

கேள்வி:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 45 வயது. கன்னியாகுமரி மாவட்டத்தில் கடலோர ஊர். 2008-லிருந்து 2015 வரை ஏமன் தலைநகர் சனாவில் ஓர் ஆஸ்பத்திரியில், குழந்தைகள் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். போகும்போது என் மகனுக்கு ஒரு வயது. என் அம்மாதான் வளர்த்தார். 2015 மார்ச் கடைசியில் சவூதிக் கூட்டணி நாடுகள் குண்டு போட ஆரம்பித்தன. ஏப்ரலில் இந்திய விமானம் வந்து எங்களை ஜிபூட்டிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கொச்சிக்கு அனுப்பினார்கள்.

வந்து பத்து வருஷம் ஆகிவிட்டது. இன்னமும் ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்புத் தட்டினால் கை தானாகச் செல்போனைத் தேடுகிறது. சனா, ஹொதைதா, சாதா என்று ஊர்ப்பேரைப் போட்டுப் பார்க்கிறேன். எலும்பும் தோலுமாகக் குழந்தைகள். 2018-ல் சாதாவில் ஸ்கூல் பஸ் மேல் குண்டு விழுந்த செய்தியைப் பார்த்ததிலிருந்து, எங்கள் தெருவில் ஸ்கூல் வேன் ஹாரன் அடித்தாலே வயிறு கலங்குகிறது. இப்போது வேலை பார்க்கிற இடத்தில் வயிற்றுப்போக்கு என்று ஒரு குழந்தை வந்தால், ட்ரிப் போட்டு முடித்துவிட்டு பாத்ரூமில் போய் அழுகிறேன். வீட்டில் யாராவது சோற்றைக் கொட்டினால் பைத்தியம் பிடித்த மாதிரி கத்துகிறேன்.

என் வீட்டுக்காரர், "எங்கேயோ நடக்கிற சண்டைக்கு இங்க எதுக்கு எழவு வீடு மாதிரி இருக்கே?" என்கிறார். ஜெபக்கூட்டத்தில் ஒருமுறை ஏமனுக்காக ஜெபிக்கச் சொன்னேன். "நம்ம ஆளுகளுக்கு அழவே நேரம் போதல, சிஸ்டர்" என்று ஒருவர் சிரித்தார். அதோடு யாரிடமும் பேசுவதை விட்டுவிட்டேன். சில நாள், அங்கேயே போய்ச் சேர்ந்திருந்தால் நிம்மதி என்று தோன்றுகிறது. ரத்த சம்பந்தமே இல்லாத ஊருக்கு இப்படி அழுவது வியாதியா? திரும்பப் போய் வேலை பார்த்தால் சரியாகுமா?

பின்குறிப்பு: என்னோடு டியூட்டி பார்த்த ஏமன் நர்ஸ் ஒருத்தி என்னை "உக்தி" என்றுதான் கூப்பிடுவாள். உடன்பிறந்தவள் என்று அர்த்தம். 2019-ல் அவளிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. அன்று நான் ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் நின்றுகொண்டிருந்தேன். கேட்காமலே ஒரு ஹார்ட் மட்டும் போட்டுவிட்டு, பிறகு பேசலாம் என்று விட்டுவிட்டேன். மறுநாள் நான் அனுப்பியது இன்றுவரை ஒரே டிக்கோடு நிற்கிறது.

பெயர் வேண்டாம், கன்னியாகுமரி மாவட்டம்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

மற்றதைப் பேசுவதற்கு முன்னால் ஒன்றை நேராகவே கேட்டுவிடுகிறேன். "அங்கேயே போய்ச் சேர்ந்திருந்தால் நிம்மதி" என்று எழுதியிருக்கிறீர்களே, அது அலுப்பில் வருகிற பேச்சா, இல்லை சாக வேண்டும் என்ற எண்ணமே அவ்வப்போது எட்டிப் பார்க்கிறதா? எப்படி என்று யோசித்ததுண்டா? மருந்து அலமாரிச் சாவி கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கும் வேலை உங்களுடையது, அதனால் கூடுதலாகவே கேட்கிறேன். "ஆமாம்" என்றால் மீதியை அப்புறம் படிக்கலாம், முதலில் 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய மனநல உதவிச் சேவை. காசு கிடையாது, தமிழில் பேசலாம், நீங்கள் விழித்துக் கிடக்கிற அந்த இரண்டு மணிக்கும் எடுப்பார்கள். வீட்டிலும் ஒருவரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அழுவது வியாதி இல்லை. தூக்கம் போனதும் ஹாரனுக்கு வயிறு கலங்குவதும் வேறு விஷயம், அதைக் கடைசியில் சொல்கிறேன். உங்களுக்கு வந்திருப்பது துக்கம். அதில் ஒரே ஒரு குறை, துட்டி கேட்க, அதாவது சாவு வீட்டுக்கு வந்து துக்கம் விசாரிக்க, யாரும் வரவில்லை.

உங்கள் பக்கம் துட்டி கேட்கப் போகிறவர்கள் என்ன பேசுவார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஆறுதல் சொல்வது குறைவு, கேள்விதான் அதிகம். "எப்படி ஆச்சு? முந்தின நாள் நல்லாத்தான இருந்தாங்க? கடைசியா என்ன பேசினாங்க? ஏதாவது குடிச்சாங்களா?" அந்த வீட்டுக்காரி ஒரே கதையை ஐம்பது பேரிடம் சொல்கிறாள். முதல் நாள் தலையும் வாலும் இல்லாமல் வருவது, போகப்போக முன்னும் பின்னும் கூடி ஒரு கதையாகிவிடுகிறது. சொல்ல முடிகிறது. சொன்னபின் கொஞ்சம் தூங்கவும் முடிகிறது. இதே வேலையைக் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்வதுதான் என் தொழில் என்று மாணவர்களிடம் சொல்வேன். சிரிப்பார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்வதில்லை.

2015 ஏப்ரலில் நீங்கள் வந்து இறங்கியபோது நடந்தது நேர்மாறாக இருந்திருக்கும். 4,600-க்கும் மேற்பட்ட இந்தியர்களையும், 41 நாடுகளைச் சேர்ந்த 960 பேரையும் மீட்டுக்கொண்டு வந்ததாகப் பத்திரிகையெல்லாம் கொண்டாட்டம். ஊரில் உங்களுக்காகத் தோத்திரப் பலி வைத்திருப்பார்கள், கோழி அடித்திருப்பார்கள். அத்தனை பேர் சந்தோஷப்படுகிற நடுவில், "எனக்கு அங்கே ஒரு வாழ்க்கை இருந்தது, அது போய்விட்டது" என்று எப்படி வாய் திறப்பீர்கள்? தப்பி வந்தவருக்கு எதற்குத் துக்கம் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். நீங்களும் அப்படியே நினைத்திருக்கிறீர்கள், கடிதம் முழுக்க அந்தக் கூச்சம் தெரிகிறது. சுற்றியிருப்பவர்கள் துக்கமாகவே ஒப்புக்கொள்ளாத துக்கம் என்று ஒன்று உண்டு. அமெரிக்கப் பேராசிரியர் கென்னத் டோகா 1989-லேயே இதைப் பற்றி எழுதினார். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: ஊர் ஒப்புக்கொள்ளாத துக்கம் ஆறுவதற்கு இடமில்லாமல் உள்ளேயே கிடக்கும். உங்களுக்கு அது பத்து வருஷமாகக் கிடக்கிறது.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பக்கம் பக்கமாக ஏமன் போர், கடைசியில் ஐந்தாறு வரி பின்குறிப்பு. என் அனுபவத்தில், நோயாளி எழுந்து கதவுப்பிடியில் கை வைத்தபடி "அப்புறம் டாக்டர், இன்னொண்ணு" என்று சொல்வதில்தான் விஷயம் இருக்கும். உங்கள் பின்குறிப்பும் அப்படித்தான்.

உங்கள் உக்தி உயிரோடு இருக்கிறாரா, இல்லையா? தெரியாது. அது உங்களுக்குப் புதிதான நிலைமை, உங்கள் கரைக்குப் புதிதல்ல. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் எத்தனை பேர் கடலுக்குப் போய்த் திரும்பவே இல்லை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காணாமல் போனவர் ஏழு வருஷம் கழித்துத்தான் இறந்தவராகக் கருதப்படுவார் என்ற சட்டத்தைத் தளர்த்தித்தான் நிவாரணம் கொடுத்தார்கள். சட்டத்தைத் தளர்த்த அரசாணை போதும். மனசுக்கு அரசாணை கிடையாது.

அப்போது ஒரு முகாமுக்காக அந்தப் பக்கம் வந்திருந்தேன். ஒரு பெண், காணாமல் போன கணவரின் செல்போன் நம்பருக்கு மாதா மாதம் ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தார். உறவுக்காரர்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க சொல்லி நிறுத்துங்க டாக்டர்" என்றார்கள். நான் நிறுத்தச் சொல்லவில்லை. அதே பெண் கல்லறைத் திருநாள் அன்று, கல்லறை இல்லாத மனிதருக்குக் கடற்கரை மணலில் மெழுகுதிரி ஏற்றினார். ரீசார்ஜும் செய்தார், திரியும் ஏற்றினார். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று எங்களுக்குத்தான் தோன்றியது. அவருக்குத் தோன்றவில்லை. போர்களில் காணாமல் போனவர்களின் குடும்பங்களைப் பற்றி விரிவாக ஆராய்ந்தவர் பாலின் பாஸ். வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் மனைவிகளை 1970-களில் சந்தித்தவர். "இருக்கிறாரா இல்லையா, ஏதாவது ஒன்றை முடிவு செய்" என்று இப்படிப்பட்டவர்களை நெருக்கக் கூடாது, இரண்டையும் சேர்த்துத் தாங்கப் பழக வேண்டும் என்பது அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்னது. அந்தக் கடற்கரைப் பெண் அதை யாரும் சொல்லிக் கொடுக்காமலே செய்தார்.

ஒரே டிக் என்றால் மரணம் என்று அர்த்தமில்லை. அதை உங்களுக்கு ஆசை காட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஏமனுக்குள்ளேயே 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடுவாசலை விட்டு ஓடியிருக்கிறார்கள். ஓடுகிறவர்கள் சிம் கார்டை எல்லாம் பத்திரப்படுத்துவதில்லை. சனா விமான நிலையம் 2016 ஆகஸ்ட்டிலிருந்து 2022 மே வரை சாதாரணப் பயணிகளுக்கு மூடிக் கிடந்தது. 2022 ஜனவரியில் ஹொதைதாவில் தொலைத்தொடர்புக் கட்டடத்தின் மேல் குண்டு விழுந்து, நாடே நான்கு நாள் இணையம் இல்லாமல் இருந்தது. நம்பர் மாறியிருக்கலாம். அவர் இல்லாமலும் போயிருக்கலாம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டுமே உண்மையாக இருக்கக்கூடியவை.

அடுத்து அந்த வார்டு. மற்றவர்கள் ஏமன் செய்தியைப் படிப்பதற்கும் நீங்கள் படிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. 2021 முடிவில் ஐ.நா. வளர்ச்சித் திட்டம் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. போரினால் 3,77,000 உயிர்கள், அதில் ஏறத்தாழ 60 சதவீதம் குண்டிலும் துப்பாக்கியிலும் போகாமல் பசியிலும் நோயிலும் போனவை. என் கணவர் இதைப் படித்தால் "ஐயோ" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவார். உங்களுக்கு அது எண்ணாகத் தெரியாது. ஒரு கிலோவுக்கு 100 மில்லி ரிங்கர் லாக்டேட் ட்ரிப், ஒரு வயதுக்குக் கீழே என்றால் முதல் 30 ஒரு மணி நேரத்தில், மீதி 70 ஐந்து மணி நேரத்தில் என்று உங்கள் கை கணக்குப் போட ஆரம்பித்துவிடும். வெயின் கிடைக்காத குட்டிக் கை கண்ணில் நிற்கும். காப்பாற்றத் தெரிந்தவருக்கு இந்தச் செய்தி இரட்டைச் சுமை. போதாததற்கு, அந்த வார்டுக் குழந்தைகள் எல்லாம் உங்கள் மகன் வயது. அவனைத் தூக்கி வைத்திருக்க வேண்டிய கை அவர்களைத் தூக்கி வைத்திருந்தது. பிறகு அவர்களையும் விட்டுவிட்டு வந்தாயிற்று என்று உங்கள் மனசு இரண்டு தடவை கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறது. இது என் ஊகம்தான். தப்பாக இருந்தால் மன்னியுங்கள்.

இந்தக் குற்ற உணர்ச்சிக்கு "உங்கள் மேல் தப்பில்லை" என்று சொல்லி அனுப்பிவிடலாம். பத்து வருஷத்தில் பலபேர் சொல்லியிருப்பார்கள், ஒன்றும் நடந்திருக்காது. அதற்குப் பதிலாக ஒரு கணக்கு காட்டுகிறேன், நீங்கள் சரிபார்க்கக்கூடிய கணக்கு. 2017 முடிவதற்குள் ஏமனில் காலரா என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் பத்து லட்சத்தைத் தாண்டினார்கள். இறந்தவர்கள் 2,200-ஐ ஒட்டி. சந்தேகக் கணக்கு என்பதால் சாதாரண வயிற்றுப்போக்கும் அதில் கலந்திருக்கும், ஒத்துக்கொள்கிறேன். 2,200 என்பது சின்ன எண்ணும் இல்லை. ஆனால் கடுமையான காலராவைக் கவனிக்காமல் விட்டால் பாதிப் பேர்கூடப் போய்விடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அப்படியானால் இத்தனை லட்சம் பேர் எப்படிப் பிழைத்தார்கள்? யாரோ ட்ரிப் போட்டார்கள். யாரோ உப்புச் சர்க்கரைக் கரைசல் கலக்கிக் கொடுத்தார்கள். யாரோ வாளியைக் கழுவி வைத்தார்கள். அந்த வருஷம் அங்கே ஏறத்தாழ 30,000 சுகாதாரப் பணியாளர்களுக்கு ஏறக்குறைய ஓராண்டாகச் சம்பளம் வரவில்லை. சம்பளமில்லாமல் வார்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். உங்கள் உக்தி அவர்களில் ஒருவராக இருந்திருக்கலாம்.

நீங்கள் உங்களையே ஏசிக்கொள்ளும்போது, நீங்கள் கிளம்பியதும் அந்த வார்டு இருண்டு கிடந்ததாக நினைத்துக்கொள்கிறீர்கள். அது அவர்களைக் குறைத்து நினைப்பது. அந்த வார்டில் நீங்கள் ஏழு வருஷம் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்த கையும் இருந்திருக்கும்.

செல்போன் விஷயத்துக்கு வருகிறேன். "செய்தி பார்க்காதீர்கள்" என்று சொல்ல மாட்டேன். 2009-ல் முள்ளிவாய்க்கால் நாட்களில் ராப்பகலாக டிவி முன்னாலும் கணினி முன்னாலும் உட்கார்ந்து தூக்கம் கெட்டவர்கள் பலர் என்னிடம் வந்தார்கள். சிலருக்கு அங்கே சொந்தம், சிலருக்கு ஒருவரும் இல்லை. அப்போது அனுபவம் போதாது, எல்லோருக்கும் ஒரே மருந்துச்சீட்டு: டிவியை அணையுங்கள். ஒரு பெரியவர் கோபப்பட்டார். "சாகிறவன் பக்கத்துல யாராவது உட்கார்ந்திருக்கணும்ல டாக்டரம்மா? நான் இங்க இருந்துதானே உட்கார முடியும்?" அதற்குப் பிறகு அந்த ஆலோசனையை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. நீங்களும் இரண்டு மணிக்கு அதைத்தான் செய்கிறீர்கள். நைட் டியூட்டி பார்க்கிறீர்கள், பத்து வருஷமாக, ஆஃப் இல்லாமல்.

ஆனால் எந்த வார்டிலும் ஒரே நர்ஸுக்கு இருபத்துநாலு மணி நேர டியூட்டி போடுவதில்லை. 2013-ல் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்தபோது ஓர் ஆய்வு செய்தார்கள். அடுத்த வாரம் முழுக்க நாளுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் அந்தச் செய்தியையே பார்த்தவர்களுக்கு, வெடித்த இடத்தில் இருந்தவர்களைவிட அதிக மன அழுத்தம் பதிவானது. படம் உடம்புக்குள் இறங்கிவிடுகிறது. அதனால் டியூட்டியை ரத்து செய்ய வேண்டாம், மாற்றிப் போடுங்கள். பகலில், வெளிச்சத்தில், உட்கார்ந்துகொண்டு, இருபது நிமிஷம். படிக்கலாம், வீடியோ வேண்டாம். 2022 ஏப்ரலில் போர்நிறுத்தம் வந்ததையும் அதற்குப் பின் பெரிய அளவிலான சவூதிக் கூட்டணித் தாக்குதல் குறைந்ததையும், 2024-லிருந்து செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்ட தகராறில் வேறு நாடுகளின் குண்டுகள் மறுபடி விழத் தொடங்கியதையும் வரிசையாகத் தெரிந்துகொள்வது ஒன்று. இரவில் போர்வைக்குள் அதே ஆறு வருஷப் பழைய படத்தை நாற்பதாவது முறை பார்ப்பது வேறொன்று. இரவில் போன் அடுக்களையில் சார்ஜ் ஏறட்டும். முதல் வாரம் கை தேடும். தேடட்டும்.

இன்னொன்று கவனித்தேன். சனாவில் ஏழு வருஷம் இருந்திருக்கிறீர்கள், சனா எப்படி இருந்தது என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை. கடல்மட்டத்தில் பிறந்தவர் 2,200 மீட்டர் உயரத்து ஊருக்குப் போய், முதல் குளிர்காலத்தில் என்ன பாடுபட்டீர்கள்? வெள்ளைச் சுண்ணாம்புப் பூவேலை செய்த அந்த உயரமான மண்வீடுகள், சாயங்காலம் உள்ளே விளக்குப் போட்டால் கலர் கண்ணாடியில் தெரிகிற அரைவட்ட ஜன்னல்கள், பாப் அல்-யமன் வாசல் கூட்டம், கன்னம் புடைக்கக் காத் இலை மென்றுகொண்டு உட்கார்ந்திருக்கும் ஆண்கள், கல்சட்டியில் கொதிக்கக் கொதிக்க, மேலே வெந்தய நுரையோடு வருகிற சல்தா. நான் படித்தும் படம் பார்த்தும் சொல்கிறேன், நீங்கள் வாழ்ந்திருக்கிறீர்கள். போர் அந்த ஊரை இடித்தது போதாதென்று, உங்கள் ஞாபகத்தில் இருந்த ஊரையும் எடுத்துக்கொண்டு அதன் இடத்தில் எலும்பும் தோலுமான படங்களை வைத்துவிட்டது. அதைத் திரும்ப வாங்க வேண்டும். ஒரு நோட்டில் எழுதுங்கள், அழகாக எழுத வேண்டாம். டியூட்டி முடிந்து எந்த வழியாக ஹாஸ்டலுக்குப் போவீர்கள், உக்தி டிபன் பாக்ஸில் என்ன கொண்டுவருவார், அவர் எதற்குச் சிரிப்பார். செத்த வீட்டில் செத்தவரைப் பற்றிப் பேசுகையில் நடுவில் ஒருவர் சிரித்துவிடுவார் பாருங்கள், அந்த இடம் வரும்வரை எழுதுங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் சொன்னது எனக்குக் கோபம் வரவழைக்கவில்லை. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 2015 மார்ச் 26-லிருந்து நீங்கள் கொச்சியில் இறங்கும்வரை அந்த மனிதர் என்ன செய்துகொண்டிருந்தார்? ஏழெட்டு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு, டிவியில் சனா எரிவதைப் பார்த்துக்கொண்டு, எந்த ஆபீஸுக்கு எத்தனை போன் போட்டார்? அவருக்கு ஏமன் என்பது மனைவியைக் கொண்டுபோகப் பார்த்த ஊர். ஒருவழியாகத் திரும்ப வந்தாள் என்று பார்த்தால், ராத்திரி இரண்டு மணிக்கு அவள் மறுபடி அங்கேதான் போகிறாள். "எழவு வீடு மாதிரி" என்று அவர் சொன்னதில் பயம் இருக்கிறது. அவருக்கும் அந்தப் பத்து நாளைப் பற்றி யாரும் துட்டி கேட்கவில்லை. நீங்கள் முதலில் கேட்டுப் பாருங்களேன்: "நான் அங்க மாட்டிக்கிட்டப்ப நீங்க இங்க எப்படி இருந்தீங்க?" பத்து வருஷமாக இந்தக் கேள்வி உங்கள் வீட்டில் கேட்கப்படவில்லை என்று பந்தயம் கட்டுவேன். அவர் பேசி முடித்தபிறகு உங்கள் முறை வரும். வராவிட்டால் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜெபக்கூட்டத்தில் சிரித்தவரைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. துக்கத்துக்கு ரேஷன் கார்டு கேட்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பங்குத்தந்தையிடம் தனியாகப் பேசி, ஏமனில் இறந்தவர்களுக்காக ஒரு பூசைக்குக் கருத்துக் கொடுங்கள். ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்ல வேண்டாம். உங்களோடு திரும்பி வந்த நர்ஸ்கள் மார்த்தாண்டம், நெய்யாற்றின்கரை, கோட்டயம் என்று எங்கெங்கோ இருப்பார்கள். அவர்களில் இரண்டு பேரையாவது தேடிப் பிடியுங்கள். சனா தெரிந்த ஒருவரிடம் பேசுகிற அரைமணி நேரம், என்னைப் போல சனா தெரியாத டாக்டரிடம் பேசுகிற பத்து வாரத்துக்குச் சமம். உக்தியின் புது நம்பர் அவர்களில் ஒருவரிடம் இருக்கவும் வாய்ப்பு உண்டு.

திரும்பப் போவது பற்றி: இந்திய பாஸ்போர்ட்டில் ஏமன் போவதற்கு 2017-லிருந்து மத்திய அரசின் தடை இருக்கிறது. ஏஜெண்ட் யாராவது வேறு வழி இருக்கிறது என்றால் நம்பாதீர்கள். சட்டம் இருக்கட்டும். இப்போதைய மனநிலையில், தடையே இல்லாவிட்டாலும் நான் போகச் சொல்ல மாட்டேன். வேலை பார்க்கப் போகிறீர்களா, தண்டனை வாங்கப் போகிறீர்களா என்பது உங்களுக்கே தெளிவாக இல்லை. பணம் கொடுக்க விரும்பினால் யூனிசெஃப், எல்லைகளற்ற மருத்துவர்கள் போன்ற தெரிந்த அமைப்புகளுக்குச் சம்பளத்தில் ஒரு சிறு தொகை போகட்டும். சோஷியல் மீடியாவில் குழந்தைப் படத்தோடு வருகிற தனியார் வங்கிக் கணக்கு எண்களுக்கு வேண்டாம்.

கடைசியாக வைத்தியம். அழுகை வியாதி இல்லை என்றேன். ஆனால் ஹாரன் சத்தத்துக்கு உடம்பு பதறுவது, வருஷக்கணக்கில் தூக்கம் உடைவது, சோற்றைப் பார்த்தால் கத்துவது, இவை போரின் அதிர்ச்சி உடம்பில் தங்கியிருப்பதற்கான அடையாளங்களாக இருக்கலாம். குண்டு விழத் தொடங்கிய அந்த முதல் நாட்களில் நீங்கள் அங்கேயேதான் இருந்தீர்கள் என்பதை நீங்களே மறந்துவிட்ட மாதிரி எழுதியிருக்கிறீர்கள். "அங்கே" நடந்தது உங்களுக்கும் நடந்தது. ஆறு மாதம், ஒரு வருஷம் என்று கடந்தும் அன்றாட வேலையை முடக்குகிற துக்கத்தை, நீடித்த துக்கக் கோளாறு என்று உலக சுகாதார நிறுவனமே 2022-ல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இதில் எது உங்களுக்கு, எவ்வளவு என்று கடிதத்தை வைத்து நான் சொன்னால் அது ஜோசியம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்ற தயக்கம் இருந்தால் திருவனந்தபுரம் பக்கம்தான். அதிர்ச்சி, துக்கம் இரண்டுக்கும் பேச்சு வழியான சிகிச்சை இருக்கிறது, தேவைப்பட்டால் மாத்திரையும். ஹாரனுக்கு வயிறு கலங்குவது நின்றுவிட்டால் அந்தக் குழந்தைகளை மறந்துவிட்டதாக ஆகாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், குணமாவதே துரோகம் என்று பயந்து பாதியில் நின்றுவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்த வாய்ஸ் மெசேஜ். "கேட்காமலே ஹார்ட் போட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். பிறகாவது கேட்டீர்களா என்று எழுதவில்லை. கேட்கவில்லை என்று நினைக்கிறேன். ஆறு வருஷமாக அது உங்கள் போனில் அப்படியே இருக்கிறது, கேட்டால் ஏதோ ஒன்று நிச்சயமாகிவிடும் என்று. அவசர உதவி கேட்டிருப்பாரோ என்று பயம். அவர் கேட்டது குழந்தைக்கு என்ன மருந்து என்பதாக இருக்கலாம், ஈத் வாழ்த்தாக இருக்கலாம், நீங்கள் பயப்படுவதாகவே இருக்கலாம். தனியாகக் கேட்காதீர்கள். இரவில் கேட்காதீர்கள். சிகிச்சை தொடங்கி, தூக்கம் கொஞ்சம் நேரான பிறகு, வீட்டுக்காரரோ பழைய நர்ஸ் தோழியோ பக்கத்தில் இருக்கும்போது கேளுங்கள். அரபி அவர்களுக்குப் புரியாவிட்டால் நிறுத்தி நிறுத்தி நீங்களே சொல்லுங்கள். கேட்டு முடித்ததும், அன்றைக்கு பந்தியில் நின்றுகொண்டு சொல்ல முடியாமல் போன பதிலை அதே நம்பருக்குக் குரலிலேயே அனுப்புங்கள். ஒரே டிக்தான் விழும். விழட்டும்.

முதலில் ஆசாரிப்பள்ளம். போய்வந்து ஒரு வரி எழுதுங்கள்.